உருகிய கருப்பட்டியும் ஒரு டேங்க் பாக்டீரியாவும்

"மேடம், முள்ளு மேல நிக்குது! ஜல்தி ஆவோ, சீக்கிரம்!"

தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்த மழையையும் மீறிக் கேட்டது சந்தியாவின் குரல். கையிலிருந்த டீ கிளாஸை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு ஓடினேன். பம்பாயின் செம்பூரில் பெட்ரோல் வாடை எப்போதும் மிதந்துகொண்டிருக்கும் ஒரு மூலையில் இருந்தது எங்கள் ஷெட். அதன் நடுவே ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் எஃகு டேங்க். அன்று காலை மட்டும் பெட்ரோல் வாடையைக் காணோம். ஷெட் முழுக்கக் கருப்பட்டிப் பாகு மணந்தது.

டேங்கின் பக்கவாட்டில் ஒரு மீட்டர் உண்டு. உள்ளே இருக்கும் திரவத்தில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று அதன் முள் காட்டும். நாங்கள் அதற்குள் வளர்ப்பது பாக்டீரியா. அவை மும்முரமாகத் தின்று பெருகும்போது அடியிலிருந்து நாங்கள் ஊதும் காற்றையெல்லாம் இழுத்துக்கொள்ளும். முள் தரையோடு கிடக்கும். தின்பதை நிறுத்திவிட்டால் காற்று மிஞ்சும், முள் எழும்பும். வழக்கமாக இரண்டாம் நாள் சாயங்காலம் வரைக்கும் படுத்தே கிடக்கும் முள், அன்று காலையிலேயே உச்சியில் போய் நின்றது. எப்போது எழும்பியது என்றுகூடத் தெரியவில்லை. ராத்திரி காவலுக்கு இருப்பவர் பாய்லரை மட்டும்தான் பார்ப்பார்.

சந்தியா செம்பூரிலேயே பிறந்த மராத்திப் பெண். பக்கத்து வீட்டுத் தமிழர்களோடு வளர்ந்ததால் தமிழ் பேசுவாள். பதற்றம் வந்தால் பாதியில் இந்திக்குத் தாவிவிடுவாள்.

"எல்லாம் செத்துப் போச்சா மேடம்?"

"வாயக் கழுவு மொதல்ல" என்றேன்.

சொன்னேனே தவிர, எனக்கும் அதே சந்தேகம்தான். அப்போது பார்த்துக் கேட் கிரீச்சிட்டது. எங்கள் முதலாளி ராமநாதன் சார் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் பின்னால், பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்ட ஒருவர், கையில் அளவு டேப்போடு. குஜராத்தின் வாபியிலிருந்து எங்கள் டேங்கை விலைக்கு வாங்க வந்திருந்தவர் அவர்.

அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் பயம் வருகிறது. கூடவே சிரிப்பும் வருகிறது. இரண்டுக்கும் காரணம் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பக்கெட் வரிசை

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கும் என் அக்கா, "எப்பப் பாத்தாலும் கிருமி கதையவே எழுதுதியே, ஒரு நல்ல விஷயம் கெடைக்கலியா ஒனக்கு?" என்று போனில் திட்டுகிறாள். அவளுக்காக இந்த வாரம் கருப்பட்டியைச் சேர்த்திருக்கிறேன். ஆனால் கக்கூஸிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அக்கா மன்னிக்க வேண்டும்.

நாங்கள் இருவரும் தாராவியில் பிறந்து வளர்ந்தவர்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் ஒட்டி ஒட்டி இருந்த தெரு. தெருவுக்கெல்லாம் சேர்த்து ஒரே பொதுக் கக்கூஸ். விடியற்காலையில் ஆளுக்கொரு பக்கெட்டோடு வரிசையில் நிற்போம். காலேஜ் பரீட்சைக்குப் பாதி பாடம் நான் அந்த வரிசையில் படித்ததுதான். நிற்பது கஷ்டமாக இல்லை. நாற்றம்தான் தாங்க முடியாது. மழைக்காலத்தில் அடியில் இருக்கும் மலத்தொட்டி நிரம்பி வழியும். துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கையால் புத்தகத்தைப் புரட்டிய அந்த நாட்களில் எனக்கு வந்ததெல்லாம் கோபம்தான். அந்தக் கோபம் இன்றுவரை போகவில்லை. போகாமல் இருந்ததும் நல்லதுதான்.

ராமநாதன் சார் மாட்டுங்காவாசி. மருந்து ஆலை ஒன்றில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிக்க முடியாமல் செம்பூரில் இந்த ஷெட்டைப் பிடித்து, ஒரு பழைய டேங்கை வாங்கிப் போட்டிருந்தார். வேலை கேட்டு நான் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "மலத்தொட்டியில போடற பொடி பண்ணப் போறேன். மூக்கைப் பொத்திக்காம வேலை பண்ணுவியா?"

"நான் பொத்திக்கிட்டே வளந்தவ சார். எப்ப வந்து சேரணும்?" என்றேன்.

பொடி என்றால் என்ன? மனிதக் கழிவைத் தின்று கரைக்கும் ஒரு வகை பாக்டீரியா. அதை அப்படியே பாக்கெட்டில் அடைத்தால் செத்துப்போகும். ஆனால் இந்த வகைக்கு ஒரு வித்தை தெரியும். சாப்பாடு தீர்ந்துபோகிறது என்று தெரிந்தால், தன்னைச் சுற்றி ஒரு கெட்டியான ஓட்டைக் கட்டிக்கொண்டு உள்ளே படுத்துத் தூங்கிவிடும். அந்தத் தூங்கும் வித்துக்குத்தான் ஸ்போர் என்று பெயர். மாதக்கணக்கில் பொடியில் கிடக்கும். மலத்தொட்டியில் கொட்டினால் எழுந்து வேலையைத் தொடங்கிவிடும். நாற்றம் அடங்கும், தொட்டி சீக்கிரம் நிரம்பாது.

ஆகவே எங்கள் தொழிலில் பாக்டீரியாவை வளர்ப்பது பெரிய காரியமில்லை. தூங்க வைப்பதுதான் பெரும்பாடு.

விருந்தும் பந்தியும்

ஆராய்ச்சி அறையில் உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கும்போது ராஜ உபசாரம். ஈஸ்ட் சாறு, பெப்டோன் என்று விலையுயர்ந்த தீனி. வீட்டுக்கு வந்த ஒரே மாப்பிள்ளைக்கு நெய் ஊற்றுவது மாதிரி ஊற்றலாம். அதே தீனியைப் பெரிய டேங்கில் போட்டால் ஷெட்டை விற்றாலும் கட்டுப்படியாகாது. ஊர்ப் பந்திக்கு என்ன சமைப்பது என்பது வேறு கணக்கு. மலிவாகக் கிடைக்க வேண்டும், எப்போதும் கிடைக்க வேண்டும், பாக்டீரியாவுக்குப் பிடிக்கவும் வேண்டும்.

எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். இனிப்புக்குச் சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கறுப்புப் பாகு, அதாவது மொலாசஸ். புரதத்துக்கு எண்ணெய் எடுத்த சோயா மாவு. கூடக் கொஞ்சம் உப்புகள். அவற்றில் முக்கியமானது பாஸ்பேட்.

மொலாசஸ் இருக்கிறதே, அதைப்போல ஒரு துரோகியை நான் பார்த்ததில்லை. ஒரு டிரம் வந்த மாதிரி இன்னொரு டிரம் வராது. ஒன்று தண்ணியாக இருக்கும், ஒன்று கந்தக நெடியடிக்கும், ஒன்று நுரைத்துக்கொண்டு மூடி வழியாக வெளியே வரும். ஒருநாள் அந்த நுரையில் வழுக்கி விழுந்து சந்தியா ஒரு வாரம் நொண்டினாள்.

அதைவிட மோசம் வேறொன்று. மொலாசஸ் போட்டால் பாக்டீரியா செழித்து வளர்ந்தது. ஆனால் தூங்க மறுத்தது. நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு ஒரு பச்சைச் சாயம் உண்டு. அதைப் பூசினால் ஸ்போர்கள் பச்சையாகத் தெரியும், விழித்திருப்பவை இளஞ்சிவப்பாகத் தெரியும். நான் பார்த்ததெல்லாம் சிவப்பு. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை. அந்தப் பொடியில் உயிரே இல்லை என்று வாங்கியவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த தடவையும் அதே கதை.

ராமநாதன் சார் ஒருநாள் பிளாஸ்கிலிருந்து காபியை டம்ளரில் ஊற்றிக்கொண்டே சொன்னார். "போறும் ராணி. ரெடிமேட் பொடியை வெளியிலேர்ந்து வாங்கி நம்ம பாக்கெட்ல போட்டு வித்துடலாம். டேங்கைக் குடுத்துடறேன். வாபியிலேர்ந்து ஒருத்தர் கேட்டுண்டே இருக்கார்."

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. டேங்க் போனால் எனக்கும் சந்தியாவுக்கும் வேலை இல்லை. பாக்கெட் ஒட்ட எம்.எஸ்சி. படித்தவள் எதற்கு? ஆனால் வேலையைவிட வேறொன்று என்னை உலுக்கியது. எங்கிருந்தோ வரும் அந்தப் பொடி விலை அதிகம். ஹோட்டலும் பெரிய அடுக்குமாடி சொசைட்டிகளும் வாங்கும். எங்கள் தெருக் கக்கூஸுக்கு அது ஒருநாளும் வராது.

"இன்னும் ஒரே ஒரு தடவை சார். தீனிய மாத்திப் பாக்குறேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "வாபிக்காரர் வரதுக்குள்ள ஒரு பேட்ச். அதுக்கு மேல என்னாலேயும் முடியாதும்மா."

துரை அண்ணன் கடை

கொரோனா முடிந்து முகக்கவசங்கள் எல்லாம் மேஜை இழுப்பறைக்குள் போய்விட்ட பிறகு வந்த ஒரு மழைக்காலம் அது. ஞாயிற்றுக்கிழமை தாராவியில் அம்மாவைப் பார்த்துவிட்டு, தொண்ணூறு அடி ரோட்டில் இருக்கும் துரை அண்ணன் கடைக்குப் போனேன். துரை அண்ணன் என் பெரியப்பா மகன். ஊரிலிருந்து கருப்பட்டி, மிளகாய் வற்றல், வடகம் என்று வரவழைத்து பம்பாய் முழுக்க இருக்கும் நம் ஆட்களுக்கு மொத்தமாக விற்பவர். எதையும் உரக்கச் சொல்லித்தான் பழக்கம்.

கடைக்குள் நுழைந்தபோது மனிதர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பம்பாய் மழையின் ஈரக்காற்று கருப்பட்டிக்கு ஆகாது. முந்தின வாரம் வந்த மூட்டைகள் வியர்த்து, உருகி, சாக்கோடு சாக்காக ஒட்டிக் கறுப்புக் களியாகிக் கிடந்தன.

"பாருட்டி ராணி, ஏக்தம் பேக்கார் ஆயிட்டு, ஒண்ணுக்கும் ஆகாது! எவன் வாங்குவான் இத? இது ரெண்டாம் நம்பர் மால் வேற, பாதி சீனி கலந்தது. தூக்கிக் குப்பையில போடச் சொல்லிட்டேன்."

எனக்குக் காதுக்குள் மணி அடித்தது. தூக்கிப் போடும் இனிப்பு! விலையே இல்லாத இனிப்பு!

"அண்ணே, போடாத! எனக்குக் குடு!"

ஒரு டப்பாவில் வழித்துக்கொண்டு மறுநாளே குடுவையில் போட்டுப் பார்த்தேன். பாக்டீரியா அமோகமாகப் பெருகியது. பச்சைச் சாயம் பூசிப் பார்த்தேன். பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் மொலாசஸுக்கு இது எவ்வளவோ தேவலை. கடைசி பேட்ச் இதில்தான் என்று முடிவு செய்தேன்.

துரை அண்ணனுக்குப் போன் போட்டு அந்த உருகின மூட்டைகளை எல்லாம் டெம்போவில் ஷெட்டுக்கு அனுப்பச் சொன்னேன்.

"அத்தனையுமா? என்னத்துக்குட்டி? யாரு திங்கதுக்கு?"

"கம்பெனிக்குண்ணே. பூச்சி திங்கதுக்கு."

"எந்தப் பூச்சி?"

"சின்னப் பூச்சிண்ணே. கண்ணுக்குத் தெரியாது" என்று சிரித்து மழுப்பினேன். கருப்பட்டியைச் சாமிக்குப் பணியாரமாகப் படைக்கிற மனிதரிடம் மலத்தொட்டிக் கதையைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வந்த மூட்டை வேறு

டெம்போ வருவதற்கு மழையால் தாமதமாகி, கடைசியில் வாபிக்காரர் வருவதற்கு முந்தின நாள் காலையில்தான் வந்து சேர்ந்தது. நாங்கள் தயாராக இருந்தோம். டேங்கில் ஊற்ற வேண்டிய விதைக் கரைசலை, எங்கள் பாஷையில் 'சீட்', இரவே வளர்த்து வைத்தாயிற்று. அது காத்திருக்காது. அன்றைக்கே போட்டாக வேண்டும்.

டெம்போவின் தார்ப்பாயை விலக்கிய சந்தியா, "மேடம், இது வேற மாதிரி இருக்கு" என்றாள்.

உருகின சாக்குகளைக் காணோம். வரிசை வரிசையாகப் பனையோலைக் கொட்டான் கூடைகள். பிரித்தால், தேங்காய்ச் சிரட்டையில் வார்த்த அரைவட்டக் கருப்பட்டிகள், கொஞ்சமும் வியர்க்காமல், கறுகறுவென்று. ஒன்றை உடைத்து நாக்கில் வைத்தேன். இனிப்போடு லேசான கரிப்பு. அசல். கலப்படமே இல்லாத உடன்குடிச் சரக்கு. கூடவே சிறு பொட்டலமாகச் சுக்குக் கருப்பட்டி, எங்கள் காபிக்காம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. போனைப் போட்டேன்.

"அண்ணே! உருகினத அனுப்புன்னு சொன்னா என்னத்த அனுப்பியிருக்க?"

"அது பேக்கார் மாலுட்டி. ஒங்கிட்ட குடுத்தா நல்லாவா இருக்கும்?"

"எனக்கு அந்தப் பேக்கார் மால்தாண்ணே வேணும்!"

"சும்மா கெட. கூடப் பொறந்தவ வாயத் தொறந்து கேட்டுட்டா, கெட்டத அனுப்ப முடியுமாட்டி? சித்தப்பா இருந்தா என்னைய வெளக்குமாத்தால அடிச்சிருப்பாரு. பூச்சி திங்குமோ புலி திங்குமோ, ஒங்கம்பெனிக்கு ஒண்ணாம் நம்பர் மாலுதான் போகும்."

லைன் கட்டாகிவிட்டது. உருகினதை அதற்குள் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்கள் என்றார் டெம்போக்காரர். சீட் தயார். பாய்லர் சூடேறிவிட்டது. அப்புறம் நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். மட்டமானதிலேயே அப்படி வளர்ந்தது என்றால் அசலில் இன்னும் நன்றாகத்தானே வளரும்?

சுத்தியலால் உடைத்தோம். வெந்நீரில் கரைத்தோம். பழைய வேட்டித் துணியில் மண்ணும் தூசியும் போக வடிகட்டினோம். சோயா மாவு, உப்புகள், வழக்கமான அளவு பாஸ்பேட், எல்லாம் ஒரே டேங்கில். பிறகு நீராவி ஏற்றி உள்ளேயே வேக வைத்தோம். பாய்லர்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, இன்றைக்கு யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்.

ஆறிய பிறகு டேங்கின் கண்ணாடிச் சாளரம் வழியே பார்த்த சந்தியா, "உள்ள வெள்ள வெள்ளயா என்னமோ மிதக்குது மேடம்" என்றாள். நானும் பார்த்தேன். சுவர்ப்பூச்சு உதிர்ந்த மாதிரி மெல்லிய வெள்ளைத் தூள். குடுவையில் அப்படி எதுவும் வரவில்லை. சோயா மாவு திரிந்திருக்கும் என்று நினைத்துச் சீட்டை ஊற்றிவிட்டோம். மத்தியானத்துக்குள் முள் நன்றாகக் கீழே படுத்தது. சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போதும் படுத்தே இருந்தது. நிம்மதியாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

பச்சை

மறுநாள் காலைதான் நான் முதலில் சொன்ன காலை. முள் உச்சியில். கேட்டில் அளவு டேப்.

"என்னம்மா ராணி, என்ன ஆச்சு?" என்று கேட்டார் சார். மீட்டரைக் காட்டினேன். அவருக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "சரி, விடு. நீ நன்னாத்தான் முயற்சி பண்ணினே" என்று சொல்லிவிட்டு வாபிக்காரரை டேங்கின் பக்கம் அழைத்துப் போனார்.

வாபிக்காரர் டேப்பை இழுத்தார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. குறுக்களவு. உயரம். கதவு வழியே போகுமா என்று கதவின் அகலம்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "சந்தியா, சாம்பிள் எடு. செத்ததோ பொழச்சதோ, மூஞ்சியப் பாத்துருவோம்."

ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தடவி, பச்சைச் சாயம் ஊற்றி, கொதிக்கும் தண்ணீரின் ஆவிமேல் பிடித்தேன். அவசரத்தில் சாயம் விரலெல்லாம் ஒட்டியது. கழுவி, இளஞ்சிவப்புச் சாயம் பூசி, மறுபடி கழுவி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துக் குனிந்தேன்.

பச்சை.

தகட்டை நகர்த்தினேன். பச்சை. இன்னும் நகர்த்தினேன். பச்சை, பச்சை, பச்சை! சிவப்பைத் தேட வேண்டியிருந்தது. பச்சைப் பயற்றை அள்ளிக் கொட்டிப் பரப்பின மாதிரி பார்வைக்குள் அடங்காமல் கிடந்தன ஸ்போர்கள். ஒன்றும் சாகவில்லை. தின்று முடித்து, ஓட்டைக் கட்டிக்கொண்டு, ஒட்டுமொத்தமாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன!

"சந்தியா!" என்று நான் போட்ட சத்தத்தில் வாபிக்காரர் டேப்பை விட்டுவிட்டார். அது சுருண்டு வந்து அவர் கையிலேயே அடித்தது.

சந்தியா குனிந்து பார்த்தாள். "அரே தேவா!" என்று மட்டும் சொன்னாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பழைய நுரை நொண்டல் எல்லாம் எங்கே போயிற்றோ. ராமநாதன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். நிமிரவே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"சார்?"

நிமிராமலே கேட்டார். "இதுல என்ன போட்டே?"

அந்தக் கேள்விதான் எனக்குள் விளக்கைப் போட்டது. என்ன போட்டேன்? நேற்றைய வெள்ளைத் தூள். அசல் கருப்பட்டி. நாக்கில் பட்ட கரிப்பு. டேங்கிடம் ஓடினேன். அடியில் உள்ள குழாயைத் திறந்து கொஞ்சம் பிடித்து, தெளிய விட்டு, அடியில் தங்கிய வெள்ளை வண்டலில் அமிலத்தை ஊற்றினேன். மாயமாகக் கரைந்துபோனது. மாவாக இருந்தால் அப்படிக் கரையாது.

"சுண்ணாம்பு!" என்று கத்தினேன். "சார், சுண்ணாம்பு!"

எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பதநீர் இறக்கும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாவிட்டால் மரத்தில் தொங்கும்போதே புளித்துக் கள்ளாகிவிடும். அந்தப் பதநீரைக் காய்ச்சி எடுப்பதுதான் கருப்பட்டி. அசல் கருப்பட்டியில் அந்தச் சுண்ணாம்பின் மிச்சம் இருக்கும். சீனி கலந்த ரெண்டாம் நம்பர் மாலில் அது குறைவு. அதனால்தான் குடுவையில் வெள்ளைத் தூள் வரவில்லை. டேங்கிலோ அசல் சரக்கின் சுண்ணாம்பு, சூட்டில் நான் போட்ட பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு வெள்ளைத் தூளாகப் படிந்துவிட்டது. பாஸ்பேட் இல்லாமல் பாக்டீரியா எவ்வளவு நாள் வளரும்? சட்டென்று தீனி தீர்ந்தது. தீர்ந்தால் தூக்கம். தூங்கக் கட்டும் ஓட்டைக் கெட்டிப்படுத்துவதற்குத் தேவையானதும் அதே சுண்ணாம்பின் கால்சியம்தான். அதுவும் பக்கத்திலேயே கரைந்து நின்றது.

நான் இத்தனை நாளும் என்ன கொடுத்தால் நன்றாக வளரும் என்றே தேடிக்கொண்டிருந்தேன். எது எப்போது தீர வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. புளிக்கக் கூடாது என்று கலயத்தில் தடவின சுண்ணாம்பு, புளிக்க வைக்கும் என் டேங்கில் வந்து வேலை பார்த்திருக்கிறது! எனக்கு ஷெட்டைச் சுற்றி ஓட வேண்டும் போல இருந்தது. மழையில் ஒரு சுற்று ஓடியும் விட்டேன்.

திரும்பி வந்தபோது ராமநாதன் சார் வாபிக்காரரிடம் இந்தியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் புரியாமல் என்னையும் சந்தியாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவருக்கு ஒரு காபி குடு ராணி. பாவம், மழையில வந்திருக்கார்" என்றார் சார். "டேங்க் விக்கறதா இல்லே."

அவருக்குச் சுக்குக் கருப்பட்டிக் காபிதான் போட்டுக் கொடுத்தோம். இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

நம்ம தெரு

ஒவ்வொரு தடவையும் அசல் கருப்பட்டி போட யாராலும் முடியாது. அண்ணனின் பாசத்தை நம்பித் தொழில் நடத்த முடியுமா? அடுத்த வாரங்களில் குடுவை குடுவையாக முயன்று பார்த்தோம். மழையில் புதிதாக உருகின ரெண்டாம் நம்பர் சரக்கு, அதோடு வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு கொஞ்சம், பாஸ்பேட் வழக்கத்தைவிடக் குறைவாக. நாலைந்து தடவை சொதப்பின பிறகு அளவு பிடிபட்டது. பச்சை மறுபடியும் நிறைந்தது. இந்த முறை துரை அண்ணனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உருகின மூட்டைகளை எடுத்து வந்தேன்.

அசல் கருப்பட்டியில் விளைந்த முதல் பொடியை எங்கே போடுவது என்று சார் கேட்கவே இல்லை. நானே ஒரு பையில் கட்டிக்கொண்டு தாராவிக்குப் போனேன். எங்கள் தெருக் கக்கூஸைக் கவனித்துக்கொள்பவரிடம் பேசி, தொட்டியில் கொட்டச் செய்தேன். வாராவாரம் கொஞ்சம். வேறு யாரிடமும் சொல்லவில்லை. பலிக்காமல் போனால் தெருவே என்னைக் கேலி செய்யும்.

மழை ஓயும் சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. துரை அண்ணன் கடையில் நின்றிருந்தேன். அவர் எதையோ எடை போட்டுக்கொண்டே சொன்னார்.

"ஏட்டி, நம்ம கக்கூஸு பக்கம் போனியா? நாத்தத்தையே காணோம். எங்க வீட்டுல மூக்கப் பொத்தாம போய்ட்டு வாராவ. முனிசிபாலிட்டிக்காரன் என்னத்த ஊத்துனானோ."

தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"முனிசிபாலிட்டி இல்லண்ணே. நாந்தான். ஒங் கருப்பட்டியில வளந்த பூச்சி."

அவர் கை தராசிலேயே நின்றது.

"நான் பொறந்தவளுக்குன்னு அனுப்புன கருப்பட்டிய... கக்கூஸுலயா போட்ட?"

போச்சு, என்று நினைத்தேன். டேங்க், முள், சுண்ணாம்பு, பச்சை, வாபிக்காரர் என்று மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

கடைசியில் கேட்டார். "அப்பம் நம்ம பிள்ளேளுக்கு இனிமே மூக்கப் பொத்த வேண்டாமா?"

"வேண்டாம்ணே."

தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபமா, வருத்தமா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாரம் டெம்போ வந்தது. சொன்னபடி உருகின மூட்டைகள்தான். அதற்கு மேலே, தார்ப்பாயில் தனியாகச் சுற்றி, ஓர் ஓலைக் கொட்டான் நிறைய ஒண்ணாம் நம்பர் அசல் கருப்பட்டி. போன் போட்டேன்.

"அண்ணே, திரும்பவும் ஆரம்பிச்சுட்டியா? உருகினதும் சுண்ணாம்பும் போதும்ணே. ரெண்டுலயும் ஒரே பூச்சிதான் வரும்."

"ஊருக்கெல்லாம் நீ உருகினதுல செஞ்சு குடு. யாரு வேண்டாங்குதா?" என்றார். "நம்ம தெருவுக்கு மட்டும் இதுல செஞ்சு போடுட்டி."

கொட்டானைப் பிரித்தபோது, காபிக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளட்டுமா என்று சந்தியா கேட்டாள். கூடாது என்றேன். அது எங்கள் தெருவுக்கு.